கிரீடம் வைத்த தலையணை உறை

இந்த நாட்டின் இராணுவத்துக்கு நான் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டியிருக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்டாகிவிட்டது. எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று தெரியாததால்தான் (சரி, பயத்தினாலும்தான்) இங்கே எழுதுகிறேன். இராணுவத்தில் மருத்துவப் பிரிவு என்று ஒன்று உண்டு. சுடுவது மற்றவர்கள் வேலை; சுடப்பட்டவர்களைத் தூக்கிவந்து கட்டுப் போடுவது இவர்கள் வேலை. அப்பேர்ப்பட்ட பிரிவின் சின்னத்தை நான் என் கையாலேயே, ஆறு நிறப் பட்டு நூலும் ஒரு கண்டு ஜரிகையும் செலவழித்து, நாறடித்தேன். அதனால் என் கல்யாணமே நிற்கப் பார்த்தது.

நாடு குடியரசாகி இரண்டு வருஷம் இருக்கும். பொன்னேரிக்கு மேற்கே மூன்று மைலில் எங்கள் ஊர். எனக்கு இருபத்திரண்டு வயது. அந்தக் காலத்தில் அக்கம்பக்கத்தார் பெருமூச்சு விடும் வயது. அதற்குள் இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. ஒன்று ஜாதகத்தால். இன்னொன்று, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா தும்மியபோது பல்செட் வெளியே வந்ததைப் பார்த்து நான் சிரித்ததால். (எல்லாரும்தான் சிரித்தார்கள். சத்தம் போட்டுச் சிரித்தது நான்.) "இனிமே ஒரு வரன் தட்டிப்போச்சின்னா உன்ன நெல்லு மூட்டையோட சேத்துக் கட்டி வெச்சிடுவேன்" என்று அம்மா சொல்லியிருந்தாள். அம்மா சொன்னால் செய்கிறவள்.

அந்த நிலைமையில்தான் என் பெரியத்தை எளாவூரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தாள். மாப்பிள்ளை இராணுவ ஆஸ்பத்திரியில் நர்சிங் ஹவில்தார். (அவர் பெயரை எழுத இன்றும் எனக்குக் கை கூசுகிறது. ஹவில்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) ஒரு போட்டோவும் கொண்டுவந்திருந்தாள். தொப்பியும் காக்கிச் சட்டையுமாக ஒல்லியான ஓர் இளைஞர், காமிராவைப் பார்த்து முறைக்கலாமா சிரிக்கலாமா என்று முடிவு செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். அதை என் கையில் கொடுத்துவிட்டு அத்தை பேசிக்கொண்டே போனாள். அவள் சொன்னது முழுவதையும் பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டு இங்கே எழுதுகிறேன்.

"தோ பாரு சரோஜா, பையனோட நைனா கதர் கட்டுறவரு. வெள்ளைக்காரன எதுத்து ஜெயிலுக்குப் போனவரு. புள்ள போயி அதே வெள்ளைக்காரன் பட்டாளத்துல சேந்துக்கினான்னு எட்டு வருஷம் அவன்கூட பேசவே இல்ல. தொப்பில கிரீடம் போயி நம்ம சிங்கம் வந்திச்சி பாரு, அப்பறம்தான் ஊட்டுக்குள்ளயே சேத்தாரு. கிரீடம் வெச்ச போட்டோவெல்லாம் அடுப்புல போடச் சொல்லிட்டாரு. இது ஒன்ன மட்டும் அந்தம்மா பொடவைக்கு அடில மறைச்சி வெச்சிருந்து குடுத்திச்சி. புதுசா எடுத்ததுல பையனுக்கு முன்னாடி முடி கொஞ்சம் கம்மியா தெரியிது, அதான் இத அனுப்பிச்சிக்கீது. இந்தப் போட்டோவப் பத்தி அவரு காதுபட மூச்சு விட்டுடாத."

நான் "ம்" என்றேன். அத்தனை நேரமும் மாப்பிள்ளையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு அழகாக இருந்தன.

எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பரிசம் போடும் நாளில் பெண்ணின் கைவேலையைத் தாம்பாளத்தில் வைத்து மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டவேண்டும். பெரும்பாலும் தலையணை உறைதான். இரண்டு கிளி, ஒரு ரோஜாப்பூ, கீழே ஆங்கிலத்தில் 'குட் நைட்'. தாலுகாவில் இருந்த எல்லாத் தலையணையும் இந்த ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நானோ பொன்னேரியில் தையல் டீச்சரம்மாவிடம் ஆறு மாதம் எம்ப்ராய்டரி கற்றவள். கிளி போடுவது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மாப்பிள்ளை தொப்பியில் இருக்கும் சின்னத்தையே போட்டால் என்ன என்று தோன்றியது. அசந்துபோவார்கள் என்று நினைத்தேன். அந்த வரையில் நான் நினைத்தது தப்பாகவில்லை.

போட்டோவில் அந்தச் சின்னம் துவரம்பருப்பு அளவு. எங்கள் நைனாவின் பூதக்கண்ணாடியை எடுத்துவைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு கம்பு. கம்பைச் சுற்றி ஏதோ வளைந்து ஏறியது. சுற்றிலும் இலை. மேலே கிரீடம், கிரீடத்தின் உச்சியில் ஒரு கூட்டல் குறி. கீழே ஒரு பட்டையில் ஏதோ எழுத்து. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"புடலங்கொடி" என்றாள் அம்மா.

"பட்டாளத்துக்காரன் தொப்பில புடலங்கொடிய இன்னாத்துக்கும்மா வெச்சிக்கினு திரியப் போறான்?"

"ஆஸ்பத்திரி இல்ல? பத்தியச் சாப்பாட்டுக்கு இருக்கும்."

அது பாம்பு என்று நானே கண்டுபிடித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கம்பில் பாம்பைத் தாளில் வரைந்து பார்த்தபோது கொச்சைக் கயிறு சுற்றிய முளைக்குச்சி மாதிரி இருந்தது. ஒரு மாட்டைக் கொண்டுவந்து கட்டலாம். பாம்பு என்றால் பாம்பாகத் தெரியவேண்டாமா? படமெடுக்க வைத்தேன். படத்தில் நாமம் போட்டேன். சிவப்பு நூலில் இரண்டு கண், பிளந்த நாக்கு. சுற்றியிருந்த இலை என்ன இலை என்று தெரியவில்லை. மருத்துவத்துக்கு என்ன இலை போடுவார்கள்? வேப்பிலை. இதை யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே இருந்த எழுத்து பூதக்கண்ணாடிக்கும் மசியவில்லை. டீச்சரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்த ஆங்கில எழுத்து மொத்தமே இரண்டு வார்த்தைக்குத்தான் வரும். அந்த இரண்டையும் பட்டைக்குள் போட்டுவிட்டேன். ஆக, போர்க்களத்தில் அடிபட்டுக் கிடப்பவனைக் காப்பாற்ற ஓடிவரும் படையின் முத்திரை, என் கையில், அவனுக்கு 'குட் நைட்' சொன்னது.

கிரீடத்துக்கு நூல் வாங்கப் பொன்னேரி கடைத்தெருவுக்குப் போனேன். பழவேற்காட்டிலிருந்து வந்து நூலும் பொத்தானும் விற்றுக்கொண்டிருந்த காசிம் பாய் கடை. என் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, ராஜா ஊட்டு சம்பந்தமா?"

"பட்டாளத்து முத்திரை, பாய்."

"கிரீடத்துக்கு மஞ்ச நூலு போட்டா வாழப்பழத் தோலு மாதிரி இருக்கும். ஜரிகை எடுத்துக்க." ஜரிகையை அளந்துகொண்டே கொஞ்சம் யோசித்தார். "தபால் தலையிலயே ராஜா போயிட்டாரே. பட்டாளத்துல மட்டும் கிரீடம் இன்னமும் கீதா? விசாரிச்சிக்கினு போடும்மா. அப்பறம் பேஜாரு ஆயிடப் போவுது."

"தபாலு வேற, பட்டாளம் வேற பாய்" என்றேன். அன்றைக்கு முந்தைய நாள்வரை ஹவில்தார் பெரியவரா சிப்பாய் பெரியவரா என்றுகூட எனக்குத் தெரியாது. பாய் தலையை ஆட்டிவிட்டு ஜரிகையைக் கட்டிக் கொடுத்தார். மூன்று வாரம் தைத்தேன். கிரீடம் ஜொலித்தது.

பரிசம் ஒரு புதன்கிழமை. மாப்பிள்ளை வீட்டார் எளாவூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கி, ஒன்பது மணிக்கெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றிக்கொள்ளவேண்டும். என் மாமனார் ஆகப்போகிறவர் முன்னால் வந்தார். ஆறடி உயரம், மேலிருந்து கீழ்வரை கதர், அத்தனையும் வெள்ளை. பின்னால் ஹவில்தார், வேட்டி சட்டை, தலையில் இராணுவத் தொப்பி. அந்த வெயிலில் வேட்டிக்கு மேல் இராணுவத் தொப்பி எதற்கு என்று எங்கள் ஊரே பார்த்தது. சிங்கம் வைத்த புதுச் சின்னத்தைச் சம்பந்தி வீட்டார் பார்க்கவேண்டும் என்று மாமனார் போட்ட உத்தரவாம். தலை குனிந்தே உட்கார வேண்டியிருந்ததால் நான் அந்தச் சிங்கத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் உறையைத் தாம்பாளத்திலிருந்து உருவிக்கொண்டு கொல்லைப்புறம் ஓடியிருப்பேன்.

தாம்பாளம் முதலில் பெண்கள் பக்கம் போனது. வேப்பிலை, படமெடுத்த நாகம், மேலே தங்கக் கிரீடம். எளாவூர்க் கிழவி ஒருத்தி பார்த்த மாத்திரத்தில் "தாயே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அடுத்தவள் உறையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்றாமவள் குங்குமச் சிமிழைத் திறந்து பாம்பின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். கொஞ்சம் விட்டிருந்தால் கற்பூரம் வந்திருக்கும். அதற்குள் தாம்பாளம் ஆண்கள் பக்கம் வந்துவிட்டது.

மாமனார் உறையைக் கையில் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெகு நேரம் பார்த்தார்.

"இது இன்னாம்மா?" என்றார் என்னைப் பார்த்து.

பெருமையாகச் சொல்ல நிமிர்ந்தேன். அப்போதுதான் ஒரே பார்வையில் இரண்டைக் கண்டேன். ஹவில்தாரின் தொப்பியில் மூன்று சிங்கத் தலை. அவருக்குப் பின்னால், தூணோரமாக, என் மாமியார் ஆகப்போகிறவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, வேண்டாம் என்று எனக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தாள். பெரியத்தை சொன்ன அடுப்பு, கிரீடம், மூச்சு எல்லாம் மூன்று வாரம் தாமதமாக என் காதில் வந்து விழுந்தன.

"அம்மன், மாமா" என்றேன்.

"எந்த அம்மன்?"

"மாரியம்மன்."

"வேப்பில சரி. பாம்பு சரி. நடுவுல கம்பு எதுக்கு?"

"அது சூலம் மாமா. மேல் பக்கம் தைக்க எடம் பத்தல."

"கீழ இன்னா எழுதிக்கீது?" அவருக்கு ஆங்கிலம் தெரியும். அதை மறந்துவிட்டேன். "குட் நைட். மாரியம்மன் குட் நைட் சொல்லுதா?"

"தலகாணிக்கு அதான் வழக்கம் மாமா."

"ம். அம்மன் கிரீடத்து உச்சில சிலுவை இன்னாத்துக்கு?"

"எங்க தையல் டீச்சரம்மா வேதக்காரங்க" என்றேன்.

(அந்த மகராசி எங்கே இருந்தாலும் என்னை மன்னிக்கவேண்டும். ஆறு மாதம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவளை ஆறு விநாடியில் காட்டிக்கொடுத்தேன்.)

எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. ஹவில்தார் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்; தொப்பி குலுங்கிக்கொண்டிருந்தது. மாமனார் சிரிக்கவில்லை.

"இந்தக் கிரீடத்த எனக்கு நல்லா தெரியும்மா. ஜெயில்ல வார்டர் இடுப்பு பெல்ட்டுல இதே கிரீடம்தான். ஒம்போது மாசம் தெனம் காலைல இதப் பாத்துக்கினுதான் கூழு குடிச்சேன்" என்றார். குரல் உயரவே இல்லை. உறையை மடித்துத் தாம்பாளத்தில் வைத்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். எங்கள் நைனாவும் பதறி எழுந்தார். அம்மாவின் பார்வை மூலையில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளின் பக்கம் போனதை நான் கவனித்தேன்.

அதுவரை எனக்குக் கல்யாணம் என்பது வீட்டில் உள்ளவர்களின் பெருமூச்சை நிறுத்தும் ஏற்பாடாகத்தான் இருந்தது. அந்த நிமிஷத்தில்தான், தொப்பிக்குக் கீழே அந்த இரண்டு காதும் சிவந்துபோய் நிற்பதைப் பார்த்ததும், இந்த மனிதர்தான் எனக்கு வேண்டும் என்று தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோசனம்? நானே மூன்று வாரம் கண் நோகத் தைத்துக் கெடுத்துவைத்திருக்கிறேன். உண்மையைச் சொல்லலாம் என்றால் மாமியார் மாட்டிக்கொள்வாள். வாயைத் திறந்தேன், மூடினேன், அழுதுவிட்டேன்.

தூணோரத்திலிருந்து மாமியார் வெளியே வந்தாள்.

"பொண்ணு மேல தப்பு இல்ல. போட்டோவ நான்தான் குடுத்து அனுப்பிச்சேன்."

"எந்த போட்டோ?"

"நீங்க அடுப்புல போடச் சொன்னதுல ஒன்னு. எல்லாத்தையும் போட்டேன். இது ஒன்னப் போட கை வரல. எம்புள்ள மூஞ்சி அது."

அவள் நாலு பேர் நடுவில் புருஷனை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவையாம். போட்டோ எங்கே என்று கேட்டார்கள். அது என் தலையணைக்கு அடியில் இருந்தது. அதையும் சபையில் சொல்லவேண்டியதாயிற்று. அம்மா போய் எடுத்துவந்தாள்.

மாமனார் நின்றபடியே போட்டோவை வாங்கினார். கிரீடத்தைப் பார்ப்பார், கிழித்துப்போடுவார் என்று நினைத்தேன். அவர் தொப்பிக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். மகனின் அந்த வயது முகத்தை அவர் பார்த்ததே இல்லை. அந்த எட்டு வருஷத்தில் எடுத்தது எதையும் கையால் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

"இம்மா ஒல்லியாவா கீந்த நீ?" என்றார்.

"சண்டை நடந்த காட்டுல எல்லாருக்கும் மலேரியா, நைனா. நோயாளியத் தூக்குறவனுக்கும்தான்" என்றார் ஹவில்தார்.

"ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே."

"போட்டேன். நீங்க பிரிக்கல."

மாமனார் உட்கார்ந்துவிட்டார். போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். (அது எனக்குத் திரும்பி வரவே இல்லை.) கொஞ்ச நேரம் கழித்துத் தொண்டையைக் கனைத்து, என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கிரீடத்தப் பிரிச்சி எடும்மா. எடுத்துட்டு அந்த எடத்துல நம்ம சிங்கத்த வை. பன்னெண்டு மணிக்குள்ள ஆச்சின்னா தட்டு மாத்திக்கலாம்."

ஊசி, நூல், கத்தரிக்கோல் வந்தன. உலகத்தில் எந்தப் பெண்ணாவது பரிசப் புடவையில் உட்கார்ந்து, முப்பது பேர் சுற்றிநின்று பார்க்க, ஒரு சாம்ராஜ்யத்தைக் கத்தரிக்கோலால் அகற்றியிருப்பாளா தெரியவில்லை. அவசரத்தில் ஜரிகையைப் பிடித்து இழுத்தேன். துணி கிழிந்து, கிரீடம் இருந்த இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஓட்டை. சிங்கம் அதை மூடும் அளவுக்குப் பெரிதாக வரவேண்டும். எந்தச் சிங்கம், எப்படிச் சிங்கம் என்று விழித்துக்கொண்டிருந்தபோது என் முன்னால் ஒரு கை நீண்டது. ஹவில்தார் தொப்பியிலிருந்து சின்னத்தைக் கழற்றி நீட்டிக்கொண்டிருந்தார். (முன்னாடி முடி உண்மையிலேயே கம்மிதான்.)

"இதப் பாத்துக்கினு போடு" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பித்தளைச் சின்னம் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அதில் பாம்பு படமெடுக்கவில்லை. சாதுவாகக் கம்பில் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ கிரேக்க தேசத்தில் வைத்தியத்துக்கு என்று ஒரு சாமி உண்டாம். கம்பு அவருடைய கைத்தடியாம். பழைய தோலை உரித்துப் போட்டுவிட்டுப் புதிதாகிவிடுவதால் பாம்பாம். சுற்றியிருப்பது வெற்றி பெற்றவர்களுக்குச் சூட்டும் இலையாம். மேலே யார் ஆள்கிறார்களோ அவர்கள் அடையாளம். அது மாறும், கீழே இருக்கிறது மாறாது. இதையெல்லாம் அவர் குனிந்து நின்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் வேப்பிலையைப் பார்த்து, "இதுவும் நல்லாதான் கீது" என்றார். பாம்பைப் பார்த்து, "இத ஆஸ்பத்திரி வாசல்ல மாட்டினா காலு இல்லாதவன்கூட எழுந்து ஓடிடுவான்" என்றார். மாமனார் காதில் விழுந்திருக்கவேண்டும். அவர் மீசை லேசாக அசைந்தது.

பதினொன்றே முக்காலுக்கு மூன்று சிங்கத் தலையையும் முடித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகவே வந்திருந்தது. அங்கேயே நூலை அறுத்திருக்கவேண்டும். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஊசியில் கொஞ்சம் கறுப்பு நூலும் மிச்சமிருந்தது. வெறும் முகமாக இருக்கிறதே என்று தோன்றியது. நடுச் சிங்கத்துக்குப் பக்கத்துக்கு மூன்றாக மீசை வைத்தேன். அதற்கு மட்டும் வைத்தால் நன்றாக இராதே என்று மற்ற இரண்டுக்கும் வைத்தேன்.

மாமனார் வாங்கிப் பார்த்தார். கம்பின் உச்சியில் மூன்று பூனைகள் உட்கார்ந்திருந்தன.

"சிங்கம் வந்திச்சிம்மா. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். "மீசை வெச்ச பாரு, அதுல போயிடுச்சி."

முதலில் சிரித்தது மாமியார். அப்புறம் அவரே சிரித்தார். பல்செட் கட்டிய யாராவது அங்கே இருந்திருந்தால் அன்றைக்கு அது வெளியே வந்திருக்கும். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது தட்டு மாற்றிக்கொண்டார்கள். தலையணை உறையை மாமனார் யாருக்கும் தரவில்லை. கடைசிவரை அவர் தலைக்கு அதுதான். கிழியக் கிழிய நான்தான் தைத்துக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'மீசை வைக்கிறது' என்று ஒரு பேச்சு ஏற்பட்டுவிட்டது. இறக்கிவைத்த சாம்பாரில் மறுபடி உப்புப் போட்டால் மீசை. விடைபெற்றுக்கொண்ட பிறகும் வாசலில் நின்று அரை மணி பேசினால் மீசை. எங்கள் வீட்டுக்கு வந்த மருமகள்கள் ஒரே மாதத்தில் கற்றுக்கொண்டு, அதை என்னிடமே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இதை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்புவதற்கு முன் என் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்தாள், ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், நாலு இடத்தில் சிரித்தாள். நாட்டைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் நான் உருகி உருகி எழுதியிருந்த கடைசிப் பக்கத்தைத் தனியாக எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"எல்லாம் நல்லா இருக்குதும்மா. இது மட்டும் மீசை" என்றாள்.

எடுத்துவிட்டேன்.